ஐந்தாம் குரல்

அடுப்பில் மோக்கா பாத்திரம் சீறத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த லுசோரியோ அசையவில்லை. காப்பி மூக்கு வழியாகப் பொங்கி, அடுப்புத் தகட்டில் வழிந்து, கருகும் வாசனை வந்தது. போனாரியா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றேதான் நின்றாள். அவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மேசைமேல் விரலால் தாளம் போட்டபடி தொண்டைக்குள் உறுமிக்கொண்டிருந்தான். மனுஷன் வீட்டில் இல்லை, அவளோடு இருக்கிறான் என்று போனாரியாவுக்குத் தெரிந்தது. வயிறு எரிந்தது.

“காப்பி வழியுதுய்யா.”

மேசைமேல் தாளம் நிற்கவில்லை.

“காப்பி!”

“ஓ.” அவசரமாகத் துணியை எடுத்தான். “இப்பத்தான் வழிஞ்சுது.”

“ஆமாமா. இப்பத்தான்.”

நாளைக்குக் குருத்து ஞாயிறு. பூசை முடிந்ததும் சகோதர சபையின் தலைவர், புனித வாரத் திங்களன்று மனஸ்தாபப் பாட்டைப் பாடப்போகும் நான்கு பேரின் பெயரை வாசிப்பார். சார்டினியாத் தீவின் வடக்கில் இருந்த அந்த மலையூரில் ஒருவன் மேயராவதைவிட அந்த நான்கு பேரில் ஒருவனாவது பெரிய காரியம். நான்கு ஆண்கள் நெருக்கமாக வட்டம் கட்டி, தோளில் தோள் இடிக்க, ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு பட நின்று பாடுவார்கள். கீழே அடிக்குரல், அதன்மேல் இரண்டு, உச்சியில் மெல்லிய குரல் ஒன்று. நான்கும் ஒரு நூல்கூட விலகாமல் பொருந்திவிட்டால் அவற்றுக்கு மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். யாரும் பாடாத குரல். பெண் குரல். அது மாதா என்பது அந்த ஊரின் நம்பிக்கை. ஐந்தாம் குரல் என்றெல்லாம் யாரும் நீட்டி முழக்கிச் சொல்வதில்லை. ‘அவள்’ என்பார்கள். ‘போன வருஷம் அவள் வரவில்லை’, ‘என் அப்பா காலத்தில் அவள் மூன்று தடவை வந்தாள்’ என்பார்கள். வராத வருடத்தில் ஊருக்கே முகம் செத்துப்போகும்.

லுசோரியோ முப்பத்தைந்து வயதில் சபையில் சேர்ந்தான். இப்போது ஐம்பத்து நான்கு. முதல் ஆறு வருடம் மெழுகுத்திரி பிடித்தான். அப்புறம் பவனியில் ஏணி தூக்கினான். கடைசி வரிசைப் பாடகர்களோடு சின்னப் பாட்டு பாடினான். மனஸ்தாபப் பாட்டின் அடிக்குரல் மட்டும் ஜொம்மாரியா என்ற மூத்தவரிடமே இருந்தது. பாறையைப் போன்ற மனிதர், நோய்நொடி தெரியாதவர். அவளை ஒரு தடவைகூடக் கேட்காமலே லுசோரியோ காத்திருந்தான். தவக்காலம் நாற்பது நாளும் ஒயினைத் தொடமாட்டான். புதனும் வெள்ளியும் காரசாவு என்கிற மெல்லிய காய்ந்த ரொட்டியும் அவித்த மொச்சையும்தான். குவாரியில் எட்டு மணி நேரம் கல்லுக்குத் துளை போட்டுவிட்டு வந்து, முகம் கழுவி, சபையின் சிற்றாலயத்துக்குப் போய் ஒன்பது மணிவரை பயிற்சி. பத்தொன்பது தவக்காலம். போன நவம்பர் வாக்கில் ஜொம்மாரியாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. லுசோரியோ அவருக்காகக் கண்ணீர் விட்டு ஜெபம் செய்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அன்று இரவே அடிக்குரல் வரிகளைத் தூசிதட்டி எடுத்துவிட்டான் என்பதும் பொய் இல்லை.

போனாரியாவின் பிறந்தநாள் மார்ச் பன்னிரண்டு. தவக்காலத்துக்கு வெளியே அது வந்ததே இல்லை. பத்தொன்பது வருடமாகப் பிறந்தநாளன்று ஒரு வாய் ஒயின்கூட அவனோடு சேர்ந்து குடித்ததில்லை. திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு ஜெனோவாவில் இருக்கும் மகள் கப்பல் சீட்டு வாங்கி அனுப்பினாள். பயிற்சி கெடும் என்று அவன் போகவில்லை. இவள் மட்டும் போய், மகள் வீட்டுச் சோபாவில் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தாள். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஒருநாள் படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அலமாரி மேலிருந்த சின்ன மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அவன் பேசிக்கொண்டிருந்தான். “எத்தனை வருஷம் ஆனாலும் இருக்கேன். நீ மெதுவா வா. எனக்கு அவசரமில்லை” என்றான். அந்தக் குரலில் அப்படி ஒரு குழைவு. காதலித்த காலத்தில்கூட அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவளிடம் அவன் சொன்னதெல்லாம், ‘சீக்கிரம் கிளம்பு’ தான்.

போனாரியா என்பதும் மாதாவின் பெயர்தான். அந்தத் தீவில் பாதிப் பெண்களுக்கு மாதாவின் ஏதாவதொரு பெயர்தான் இருக்கும். வீட்டுக்குள் அவன் ‘போனாரியா’ என்று கூப்பிடும்போது, கூப்பிட்டது தன்னைத்தானா என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வரும். எதிர்வீட்டு அந்தோனிக்காவுக்கு இது தெரியும். அவள்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னவள்.

“என்னடி, உன் சக்களத்தி இந்த வருஷமாவது வருவாளா?”

“வரட்டுமே. வந்தா அவளையே அவனுக்குச் சமைச்சுப் போடச் சொல்றேன். துவைச்சும் போடட்டும்.”

“குவாரித் துணியைத் துவைக்கணும்னா அவ மோட்சத்துக்கே திரும்பிப் போயிருவாடி.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ‘சக்களத்தி’ என்ற சொல் போனாரியாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மனுஷி என்றால் போய் வாசலில் நின்று கத்தலாம், மயிரைப் பிடிக்கலாம். இவளை என்ன செய்வது? பூசைக்குப் போனால் அங்கே பீடத்தில் நிற்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றால், ‘சாமி, மாதாமேல எனக்குப் பொறாமை’ என்று எந்த வாயால் சொல்வது? சாமியாருக்கு வயது முப்பது. விழுந்து விழுந்து சிரிப்பார்.

பிப்ரவரியில் நகரத்துக் காது டாக்டரிடம் அவள்தான் அவனை இழுத்துப் போனாள். டாக்டர் காதில் எதையோ மாட்டி, ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நின்ற போனாரியாவுக்கும் அந்தச் சத்தங்கள் லேசாகக் கேட்டன. உறுமலுக்கெல்லாம் கை தூக்கினான். கீச்சென்ற சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின, அவன் கை மடியிலேயே இருந்தது. வகுப்பில் கேள்வி புரியாத பையனைப் போல அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடத் துளை இயந்திரம், உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும், இன்னும் போகும் என்றார் டாக்டர். மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். லுசோரியோ மாட்டேன் என்றுவிட்டான்.

“மெஷின் வெச்சா மெஷினோட குரல்தான் கேக்கும். நான் அவ குரலைக் கேக்கணும்.”

“டாக்டர் சொன்னது புரிஞ்சுதா உனக்கு? மேல் சத்தம் போயிட்டிருக்கு.”

“புரிஞ்சுது. அதான் இந்த வருஷம்.”

பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் ஜெபமாலை உருட்டினான். ‘இதை யார்கிட்டயும் சொல்லாதே’ என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மனம் இளகியிருக்கும். வீட்டுக்கு வந்து, சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, அவளிடம்தான் எல்லாவற்றையும் சொன்னான். மனைவி கூடவே வந்தவள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவள். அவளிடம் கேட்க ஒன்றுமில்லை அவனுக்கு.

ஞாயிறன்று பூசையில் பெயர்களை வாசித்தார்கள். நான்காவதாக, அடிக்குரலுக்கு, லுசோரியோ. அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது நுனிவரை சிவந்திருந்தது. ஊரே திரும்பிப் போனாரியாவைப் பார்த்துச் சிரித்தது, மகளுக்குச் சம்பந்தம் முடிந்ததைப் போல.

பெயர் வாசித்தால் மட்டும் போதாது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அன்று மதியத்துக்கு முன் தலைவர் கோலும் கையுமாக ஒவ்வொரு பாடகன் வீட்டு வாசலிலும் வந்து நிற்பார். வீட்டுப் பெண் சலவை செய்த வெள்ளை அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். “ஆளைத் தருகிறாயா?” என்று அவர் கேட்பார். அவள் “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அங்கியைக் கொடுத்தால்தான் அவன் பாடலாம். மனம் நோகும் வீட்டிலிருந்து பாட வந்தவனின் குரலோடு மற்றக் குரல் ஒட்டாது என்பது கணக்கு. மறுத்த வீடு என்று ஊர் நினைவில் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குடும்பத்தை இன்றுவரை ‘தராதவள் வீடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

தலைவர் பாக்கிசியோ ஓய்வுபெற்ற தபால்காரர். மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றார். பின்னால் இரண்டு பேர். அந்தோனிக்கா எதிர்வீட்டு ஜன்னலில் முழங்கை ஊன்றித் தயாராக இருந்தாள். லுசோரியோ தலையை ஈரமாக வாரி, திருமணத்தன்று நின்றதைப் போலப் போனாரியாவுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

“போனாரியா, ஆளைத் தர்றியாம்மா?”

அங்கி அவள் கையில் இருந்தது. நாக்கு நுனியில் நான்கே சொற்கள் இருந்தன. ‘அவருக்குக் காது போயிட்டிருக்கு மாமா.’ பொய்கூட இல்லை, சத்தியம். சொன்னால் பாக்கிசியோ கோலைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் யோசிப்பார், அடுத்த தெருவில் இருக்கும் இன்னொருவன் வீட்டுக்குப் போய்விடுவார். நாளை மாலை லுசோரியோ வீட்டில் இருப்பான். நாளை மறுநாளும். என்றென்றைக்கும் வீட்டில் இருப்பான். அந்த எண்ணம் எவ்வளவு இனிப்பாக இருந்ததோ அவ்வளவு பயமாகவும் இருந்தது. அப்படி வீட்டில் இருப்பவன் எந்த முகத்தோடு இருப்பான்?

“என்னம்மா, யோசிக்கிறே? எதாவது சொல்லணுமா?”

பின்னால் மூச்சு நின்றுவிட்டது. அவன் அவள் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. உள்ளே சுரூபம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. இப்போதுகூட அவளிடம்தான் கேட்கிறான்! போனாரியாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வரட்டும். ஒரே ஒரு தடவை வந்து தொலையட்டும். வந்து, இவன் ஆசை தீர்ந்து, என் புருஷனை என்னிடம் விட்டுவிட்டுப் போகட்டும்.

“எடுத்துட்டுப் போங்க” என்றாள். “அப்படியே அவகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க மாமா, எப்பத் திருப்பித் தருவாள்னு.”

பாக்கிசியோ வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தோனிக்கா ஜன்னலில் கை தட்டினாள். லுசோரியோவுக்கு அவள் சொன்னது சரியாகக் கேட்டிருக்காது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான்.

பத்தொன்பது வருடமாகப் புனித வாரத் திங்களன்று போனாரியாவுக்குத் தலைவலி வந்துவிடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். இந்த வருடம் விடியும் முன்னே கருப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அந்தோனிக்கா வாயைப் பிளந்தாள்.

“நீயா?”

“ஆமா. அந்த மகராசி மூஞ்சியைப் பார்க்கணும்ல நான்?”

பவனி ஊரைவிட்டு இறங்கி, கற்சுவர்களுக்கு நடுவிலான பாதையில், ஒவ்வொரு சிற்றாலயமாக நின்று நின்று போகும். ஏழு இடத்தில் பாடுவார்கள். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. நான்கு ஆண்கள் பாடினார்கள், அவ்வளவுதான். இரண்டாவதில் காற்று அடித்துக் குரலைக் கொண்டுபோனது. மூன்றாவது இடம் குன்றின்மேல், கூரை பாதி இடிந்த பழைய சிற்றாலயம். மணி பத்தரை இருக்கும். வெயில் ஏறியிருந்தது. காட்டுச் சோம்பு மிதிபட்டு வாசனை வந்தது. நான்கு பேரும் சுவரோரம் வட்டம் கட்டினார்கள். போனாரியா சற்று மேடான ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள். உச்சக்குரல் பாடும் எஃபிஸ் என்ற இளைஞனின் முதுகு இவள் பக்கம் இருந்தது. அவன் தோளுக்கு மேலாக லுசோரியோவின் மூடிய கண்ணும் திறந்த வாயும் தெரிந்தன. இடது கையை இடது காதுக்குப் பின்னால் குவித்திருந்தான். வலது காது பாட்டுக்குத் திறந்திருந்தது.

முதல் அடி. இரண்டாம் அடி. அவன் குரல் தரையோடு தரையாகக் கிடந்தது. மற்ற மூன்றும் அதன்மேல் ஏறி நின்றன. இத்தனை வருடமும் சமையலறையில் கேட்டுச் சலித்த உறுமல்தான் அது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் அடியில் அவன் மூச்சு மாற்றினான். அந்த மூச்சு போனாரியாவுக்குப் பழக்கமானது, தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது விடுவான். அப்போது அவள் வந்தாள்.

எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை. நான்கு தலைகளுக்கும் ஒரு முழம் மேலே, வெயிலுக்குள். பெரிய குரலாக இல்லை. பக்கத்து அறையில் ஏதோ வேலையாக இருக்கும் பெண் நம்மை மறந்து பாடுவதுபோல் இருந்தது. அவளிடம் கேட்க வேண்டும் என்று போனாரியா நாள்கணக்கில் தயார்செய்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் போயின. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் முழங்காலிட்டார்கள். அந்தோனிக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடி முடிந்தது. குரல் போய்விட்டது.

லுசோரியோ கண்ணைத் திறந்தான். எஃபிசின் கன்னத்தில் கண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். மற்ற இருவரையும் பார்த்தான். முழங்காலிட்டிருந்த கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் கண்ணாடி அறைக்குள் இருந்த அதே பையன் தெரிந்தான். வட்டத்தை விட்டு விலகிக் கல்லுக்குக் கீழே வந்து நின்றான். அங்கியைக் களையும்வரை அவளைப் பற்றிப் பேசக்கூடாது என்பது சட்டம். பாக்கிசியோ தூரத்திலிருந்து முறைத்தார். லுசோரியோ அதைக் கண்டுகொள்ளவில்லை.

“வந்தாளா?”

இல்லை என்று சொல்லலாம் என்று போனாரியாவுக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்க முடியாது, தோன்றத்தான் செய்தது.

“வந்தா.”

“எங்க?”

“மூணாவது அடியில. நீ மூச்சு மாத்தினியே, அப்ப.”

அவன் தலையை ஆட்டினான். அந்த இடத்தை மனதில் தேடுவதைப் போல உதட்டை அசைத்துப் பார்த்தான். பிறகுதான் அவள் சொன்னது அவனுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“உனக்கா?” என்றான். “பத்தொம்போது வருஷம் நான் தவம் கிடக்கேன். நீ தலைவலின்னு படுத்துக் கிடந்தே. உனக்கா?”

அவன் முகத்தில் இருந்ததை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அதைக் கண்ணாடியில் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறவள் ஆயிற்றே. மூக்கு விடைத்து, கண்ணின் ஓரம் சிவந்து, உதடு இறுகி. வயிறு எரிகிறவனின் முகம். இந்த நாளுக்காக எத்தனை இரவு ஏங்கியிருப்பாள், இவனுக்கும் எரியட்டும், எரிந்தால்தான் தெரியும் என்று. இப்போது எரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

“நான் கேக்கலைய்யா அவகிட்ட. அவளா வந்தா.”

“எப்படி இருந்தா?”

“சொல்லத் தெரியலை.”

“சொல்லு போனா.” போனா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடமாகிறது. “சும்மா எதாவது சொல்லு.”

“பக்கத்துல இருந்தா” என்றாள். “நீ பாடிட்டிருக்கிறது அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு.”

அவன் அங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உடைந்துபோய் உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தாள். பாக்கிசியோ கோலைத் தரையில் தட்டினார், பவனி கிளம்பியது. லுசோரியோ இரண்டு எட்டு நடந்தவன் திரும்பி வந்தான்.

“இன்னும் நாலு இடம் இருக்கு” என்றான். “நீ எனக்கு நேரா நில்லு. அவ வந்தா தலையை மட்டும் ஆட்டு. ஒரு தடவை. நான் கவனிச்சுக் கேட்டுப் பார்க்கிறேன்.”

“கேக்காதுய்யா உனக்கு.”

“ஆட்டேன். என்ன குறைஞ்சுபோச்சு?”

நான்காவது இடம் பழைய கன்னியர் மடத்தின் முற்றம். போனாரியா கிணற்றடியில், அவனுக்கு நேராக நின்றாள். வட்டம் கூடியது. மூன்று பேர் கண்ணை மூடினார்கள். லுசோரியோ மூடவில்லை. பாட ஆரம்பித்ததும் எஃபிசின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். இமைகூடத் தட்டாமல், கன்னம், உதடு, நெற்றி என்று அவள் முகம் முழுவதையும் தேடினான். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் ஒரு மனிதன் தன் மனைவியை அப்படிப் பார்த்ததில்லை, திருமணத்தன்றுகூட இல்லை. போனாரியாவுக்குச் சால்வைக்குள் வேர்த்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பார்ப்பது யாரை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை, முகத்தைத் திருப்ப மனமில்லை.

இரண்டாம் அடி முடிந்தது. மூன்றாம் அடியில் அவன் மூச்சு மாற்றினான். முற்றத்துச் சுவர்களுக்கு நடுவே, நான்கு குரலுக்கும் மேலே, முன்னைவிடத் தெளிவாக அவள் வந்தாள். பின்னால் யாரோ முழங்காலிடும் சத்தம் கேட்டது. லுசோரியோவின் கண் போனாரியாவைக் கெஞ்சியது. தலையை ஆட்டினால் அவன் கண்ணை மூடிக்கொள்வான், கேட்டுப் பார்ப்பதற்கு.

போனாரியா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். அவன் பார்த்துக்கொண்டே பாடினான்.